வந்த வரிசையில் ஒரு கதை

பிள்ளைகளே, பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் ரங்கத் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகச் சண்டை போட்டீர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணமாகிவிட்டது. இளையவனுக்கு நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சண்டை என்னவோ பள்ளிக்கூடக் காலத்துச் சண்டைதான். விண்கலத்தில் ஏறி வேறு நட்சத்திரங்களுக்குப் போகிற விளையாட்டு, மூன்று பாகமாம்.

"முதல் பாகம் ரொம்பப் பழசுக்கா. ஆளுங்க மூஞ்சியே மரக்கட்டை மாதிரி இருக்கும். ரெண்டுல இருந்து ஆடினாப் போதும்" என்றான் இளையவன்.

"முதல் பாகத்துல நீ யாரைக் காப்பாத்துறியோ அவங்கதான்டா மூணாவதுல உனக்கு உதவிக்கு வருவாங்க. நடுவுல போய் நுழைஞ்சா செத்தவன் யாரு, இருக்கிறவன் யாருன்னே தெரியாது" என்றாள் மூத்தவள்.

"தெரியாட்டி என்ன. சுடத் தெரிஞ்சாப் போதும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள். "அப்பா, நீங்க சொல்லுங்க. வரிசையா ஆடணுமா, வேண்டாமா?" எனக்கு என்னம்மா தெரியும் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று நீங்கள் கேட்கவில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

எங்களுக்குக் கல்யாணமானது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது எனக்கு இங்கே அந்தமானில், லாங் ஐலண்டு மர ஆலையில் ரம்பப் பல் தீட்டும் வேலை. லீவில் சிவகங்கைப் பக்கம் ஊருக்குப் போனேன், கல்யாணம் முடித்தார்கள், மூன்று வாரம் போல இருந்துவிட்டுக் கப்பலேற வேண்டியிருந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். உங்கள் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாப்பாடு போதுமா என்பாள், போதும் என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

அந்த நேரத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் விஞ்ஞானத் தொடர்கதை ஒன்று ஆரம்பித்தது. ஆகாயக் கப்பல் ஒன்று எங்கேயோ இருக்கிற ஒரு கிரகத்துக்குப் புறப்படத் தயாராகிறது. அதில் வயர்லெஸ் பார்க்கிற ஒரு பெண். உங்கள் அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள், நான் கேட்டேன். படித்து முடித்ததும் பேச்சு தானாக வந்தது. அந்தக் கப்பலில் குடிக்கத் தண்ணீர் எப்படி வைத்திருப்பார்கள், கப்பல் நின்றுபோனால் இறங்கித் தள்ள முடியுமா என்றெல்லாம் நான் கேட்பேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டு வாரத்துக் கதை அப்படிச் சேர்ந்து படித்தோம்.

நான் புறப்படும்போது அவளே சொன்னாள். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் படிப்பேன். நீங்களும் அங்க படிங்க. அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி இருக்கும்." கதையைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம். எழுதினால் ஒருவருக்கு முன்னே ஒருவர் போய்விடுவோம் அல்லவா.

இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை என்பது மெயின்லேண்டில்தான் உண்டு. லாங் ஐலண்டில் கப்பல் வந்த நாள், கப்பல் வராத நாள் என்று இரண்டு கிழமைதான். பத்திரிகையும் முழுசாக எங்கள் கைக்கு வராது. படகு வந்து நிற்கிற ஜெட்டிப் பக்கம் கடை வைத்திருந்த பாயின் மைத்துனர் போர்ட் பிளேரில் அதை வாங்குவார். அங்கே நாலு வீடு படிக்கும். அப்புறம் சினிமாப் பக்கம் ஒருவருக்கு, சமையல் பக்கம் ஒருவருக்கு என்று பிரிப்பார்கள். தொடர்கதைத் தாள்களை மட்டும் கிழித்துச் சுருட்டிப் படகில் பாய்க்கு அனுப்புவார்கள். அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குப் படம் சேர்க்கிற பழக்கம். கதையின் தலைப்பில் இருக்கிற படத்தை அழகாக வெட்டி எடுத்துவிடும். எத்தனையாவது வாரம் என்கிற எண்ணும் முன்கதைச் சுருக்கமும் படத்தோடு போய்விடும். பின்பக்கத்திலும் அதே அளவுக்குச் சதுரமாக ஓட்டை விழும்.

ஆக எங்களுக்குக் கிடைத்தது தலையில்லாத தாள்கள். அதுவும் ஒரு சுருளில் மூன்று, அடுத்ததில் ஒன்று, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை.

எல்லாத் தாளும் வந்து சேரட்டும், வரிசை பார்த்துப் படிக்கலாம் என்றேன் நான். என்னோடு மில் ஆட்கள் தங்குகிற பாரக்ஸில் ஒரே அறையில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர், வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னவே வரிசை? இந்தத் தீவுல எது வரிசையா வந்திருக்கு? அரிசி வந்தா பருப்பு வராது. போன தீபாவளிக்குப் போட்ட பட்டாசுப் பார்சல் சித்திரையில வந்துச்சு, வெடிக்கலையா நாம? வந்ததைப் படியும்."

"வரிசை, கிரிசை எல்லாம் மேலே இருக்கிறவன் கணக்கு" என்றார் பாய். "நம்மளுக்கு வந்த வரிசைதான் வரிசை. பஸ், பாத் கதம், பேச்சு முடிஞ்சுது."

நானும் வந்ததைப் படித்தேன். என்ன செய்வது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் சங்கு ஊதியதும், இப்போது அங்கே நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் படித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். கையில் புதுத் தாள் இல்லாவிட்டால் பழையதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படிக்கமாட்டேன். தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டிப் படகு விளக்கு தெரிகிற வரைக்கும் அப்படியே இருப்பேன்.

கதையில் கேப்டன் செத்துப்போனார். அடுத்து வந்த தாளில் அதே கேப்டன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் குழம்பவில்லை, அதுதான் வேடிக்கை. அண்ணாச்சி மெஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

"அந்தக் கிரகத்துல காலம் பின்பக்கமா ஓடும்வே. செத்தவன் எந்திரிப்பான், கிழவன் குமரனாவான். விஞ்ஞானம்னா சும்மாவா?"

பெங்காலிச் சமையல்காரர்கூட "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். எழுதினவர் பெரிய அறிவாளி என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

வருஷம் திரும்பும் சமயம் எனக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை. வந்துவிடு என்று எழுதினேன். பதிலில் எல்லோரும் சௌக்கியம், மழை இல்லை, மாடு கன்று போட்டது என்று இருந்தது. வருகிறேன் என்று இல்லை. மறுபடி எழுதினேன். "அம்மா யோசிக்கிறாங்க" என்று பதில். அதற்கடுத்த கடிதம் இன்னும் சின்னது. அவள் வருவாளா என்கிற அந்த ஒரு கேள்வியைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. மூன்று வாரம் பார்த்த முகம். சில நாள் அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரவே சிரமமாக இருக்கும். குரல் மட்டும் இருக்கும், அதுவும் கதை படிக்கிற குரல்.

அந்தச் சமயத்தில் கதையும் மோசமான இடத்தில் நின்றது. அந்த வயர்லெஸ் பெண்ணைக் கிரகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அவள் தனியாக உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருக்கிறாள். அந்தத் தாளின் பின்பக்கத்தில், கதை நிற்கிற இடத்தில்தான் அந்தச் சதுர ஓட்டை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கப்பல் வந்ததும் ஓடிப்போய் நான் முதலில் கடிதம் உண்டா என்று பார்ப்பேன், அப்புறம் பாய் கடைக்குப் போய்த் தாள் உண்டா என்று கேட்பேன். இரண்டும் இருக்காது.

பிறகு ஒருநாள் ஒரே ஒரு தாள் வந்தது. பாய் கடையிலேயே நின்று படித்தேன். அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள். "வந்துட்டேம்மா" என்று வாசலில் நிற்கிறாள். அம்மாக்காரி வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றுகிறாள், சுடுசோறு போடுகிறாள். ராத்திரி அந்தப் பெண் வாசலில் பாய் விரித்துப் படுத்து நட்சத்திரத்தைப் பார்க்கிறாள்.

"எப்படி வந்தா?" என்று கேட்டார் பாய்.

"அது நடுவுல ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. "வந்துட்டால்லா, அது போதாதா?"

"கீழே தொடரும்னு போட்டிருக்கே."

"அவ பொழப்பு தொடரும்ங்கான். விடும்வே."

அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல் வந்தும் தாள் எதுவும் வரவில்லை. கதை முடிந்தது என்று நிச்சயமாயிற்று. அண்ணாச்சி எல்லாத் தாளையும் வந்த வரிசையிலேயே அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பிளைவுட் தகட்டில் அட்டை போட்டுப் புத்தகமாக்கினார். அது லாங் ஐலண்டு முழுக்கச் சுற்றியது, ரங்கத்துக்கும் போய் வந்தது. இந்தப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எல்லோரும் அந்தக் கதையை அப்படித்தான் படித்தார்கள்.

ஆனால் அந்தத் தாளைப் படித்த அன்றைக்கே நான் பேச்சை மீறிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு எழுதினேன். "அந்தப் பெண் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா தலைக்கு ஊற்றிவிட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது." வேறு எதுவும் எழுதவில்லை. வா என்றுகூட எழுதவில்லை. அதை எழுதி எழுதிச் சலித்திருந்தது.

அதற்கு வந்த பதிலில், "தம்பி துணைக்கு வருகிறான். டிக்கெட் சொல்லியாயிற்று" என்று இருந்தது.

போர்ட் பிளேர் துறைமுகத்தில் அவள் இறங்கியபோது முகமெல்லாம் வாடிப்போய் இருந்தது. கப்பலில் நாலு நாளும் வாந்தி. என்னைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "தரை ஆடுதுங்க" என்பதுதான்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து கொஞ்ச நாளில் அந்தப் புத்தகத்தை எடுத்து ஒரே மத்தியானத்தில் படித்து முடித்தாள். மூடி வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். நாங்கள் சாமான் வாங்கப் போனபோது பாய் கேட்டார். "என்ன தங்கச்சி, கதை முடிவு எப்படி? நம்ம ஆளுங்க அழுதுட்டாங்க, தெரியுமா?" அவள், "நல்ல முடிவுண்ணே" என்றாள். அந்த நல்ல முடிவை அவள் சொன்ன விதம் எனக்கு உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அருவாமணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் செதில் போகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டேன்.

"பாய்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன? முடிவு உனக்குப் பிடிக்கலையா?"

அவள் அடுத்த மீனை எடுத்தாள். "அது முடிவு இல்லைங்க. மூணாவது வாரம். நீங்க கப்பலேறின மறு வெள்ளிக்கிழமை வந்தது. கெளம்புறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வருவா."

"அப்போ முடிவு?"

"அதான், விட்டுட்டுப் போறாங்கல்ல. அதுதான். முற்றும்னு போட்டது அந்த ஓட்டையோட போயிருக்கும். அவ அங்கேயே பேசிக்கிட்டு இருப்பா. யாரும் வர மாட்டாங்க."

எனக்குக் கையில் இருந்த செம்பைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக நினைத்திருந்தேன். நான் எங்கேயோ இருந்திருக்கிறேன், அவள் எங்கேயோ இருந்திருக்கிறாள்.

"நான் எழுதினப்பவே தப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் பேனா எடுத்தேன்." வாலை நறுக்கிச் சட்டியில் போட்டாள். "அம்மா தினம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி தாண்டிப் போனவ திரும்பி வந்ததா சரித்திரம் இல்லைடின்னு. நானும் அந்தக் கடைசி வாரம் படிச்சிட்டு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. கதைதான், இருந்தாலும். போக வேண்டாம்னே வச்சிருந்தேன். அப்பத்தான் உங்க கடுதாசி வந்துச்சு."

"அதுல ஒண்ணுமே எழுதலையே நான்."

"யாரோ ஒருத்தி, கதையில வர்றவ. அவ வீடு வந்து சேர்ந்துட்டாள்னு ஒரு மனுசன் உக்காந்து சந்தோசமா எழுதுறார். இவர் நம்மளையும் ஒருநாள் வீட்டுல கொண்டுவந்து விடுவார்னு நெனச்சேன். சரி, தண்ணி ஊத்துங்க, ஈ மொய்க்குது."

தண்ணீர் ஊற்றினேன். பாயிடமும் அண்ணாச்சியிடமும் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு அவள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மாவோடு துணி துவைக்க ஓடைக்குப் போனாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை, இனிமேல் இது எதற்கு என்று, வந்த வாரமே கூரைக்கடியில் பலகைமேல் ஏற்றிவைத்திருந்தேன். ஸ்டூல் போட்டு அதை இறக்கினேன். உப்புக்காற்றில் பூட்டு அதற்குள் துருப்பிடித்திருந்தது. ரம்பத்துக்குப் போடுகிற எண்ணெய் கொஞ்சம் விட்டு, திறந்து மூடி, திறந்து மூடி, சாவி இலகுவாகத் திரும்புகிற வரை பார்த்தேன். பிறகு பெட்டியைத் துடைத்து, ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் நினைத்தால் கைக்கு எட்டுகிற மாதிரி வாசல் பக்கத்துச் சுவரோரமாக வைத்தேன்.