மூஞ்சி தெரியாத போன்

மூடியைக் கையால் கழற்றுகிற போன்கள் புழங்கிய காலத்தில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா எனக்குப் போட்ட உத்தரவு ஒன்றுதான். "தம்பி, பேட்டரி நிக்க மாட்டேங்குது. பஸ்ல ஒன்னு குடுத்து விடு." பதுளை பஜாரில் நான் வேலை செய்யும் போன் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிட நடை. பேட்டரியைச் செய்தித்தாளில் சுற்றி, அக்கா பெயரையும் லயத்து வீட்டு நம்பரையும் எழுதி, கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவேன். சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் அக்கா அதை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் மூடியை நெம்பி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுக்கொள்வாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுகிறவள், ஆனால் அந்த வேலைக்கு அவளுக்கு என் தயவு தேவைப்பட்டதில்லை.

அந்தப் போனை அவளிடமிருந்து பிடுங்கியவன் நான்தான். மச்சான் இறந்தபிறகு அக்காவின் ஒரே மகள் வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று டச் போன் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்த டப்பா எதுக்கு இன்னும்?" என்று பழைய பட்டன் போனை எடுத்து வந்து, பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிற ஒருவருக்குக் கொடுத்தும் விட்டேன். பெரிய மனுஷன் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு.

மகள் வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். இங்கே மணி ஐந்தடிக்கும்போது கூப்பிடுவாள், கால் மணி நேரம் பேசுவாள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அக்கா வாரம் முழுக்க மலை ஏறினாள். மகளின் முகத்தைப் பார்த்தே அவள் சாப்பிட்டாளா, அழுதாளா, தூங்கினாளா என்று சொல்லிவிடுவாள். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "என்னம்மா, காச்சலா?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

இரண்டு வருஷத்தில் போனின் பேட்டரி கெட்டது. குளிர் நாட்களில் சார்ஜ் முப்பது வீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். உள்ளே பேட்டரி ஊதி, திரை ஒரு பக்கம் எழும்பி நின்றது. அக்கா அதைத் தலைமுடி கட்டும் ரப்பரால் இறுக்கி வைத்திருந்தாள்.

"இத என்கிட்ட குடுக்கா. மாத்திக் கொண்டாறேன்."

"எத்தன நாளு?"

சொல்லக் கஷ்டமாக இருந்தது. இந்த வகைப் போனில் மூடி என்று ஒன்று கிடையாது. சூடு காட்டிப் பசையை இளக்கி, திரையை உடையாமல் பிரித்து, ஒட்டியிருக்கும் பேட்டரியைக் கெஞ்சிக் கெஞ்சி எடுக்கவேண்டும். அந்த மாடலின் பேட்டரி கொழும்பிலிருந்து வரவேண்டும். "பத்து நாளாவது ஆகும்" என்றேன்.

"அப்ப நடுவுல வெள்ளிக்கிழம வருமே. புள்ள கூப்புட்டா யாரு எடுக்குறது?" என்று போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடையில் பழைய போன்கள் டஜன் கணக்கில் கிடந்தன. அடுத்த ஞாயிறு ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு இதை எடுத்துப் போகிறேன் என்றேன். அந்த ஞாயிறு நல்ல மழை, பாதையில் மண் சரிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த ஞாயிறு மழை இல்லை. கூட்டாளி ஒருவனின் கல்யாணம் இருந்தது. நான் பிரியாணி சாப்பிடப் போனேன்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். ரேடியோவின் பேட்டரி தீர்ந்துபோனால் தூக்கி எறியமாட்டார். அடுப்புக் கட்டின் மேல் வரிசையாக நிறுத்திவைப்பார். சூடேறினால் அதில் இன்னும் ஒரு மணி நேரப் பாட்டு மிச்சமிருக்கும். எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக் காம்பராவிலும் அப்படித்தான். வெயிலில் வைக்கலாம் என்றால், மாதக்கணக்கில் மூடுபனி கிடக்கும் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது?

கல்யாணம் முடிந்த செவ்வாய்க்கிழமை அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரே சந்தோஷம். "தம்பி, செத்த போன, அப்பா செய்வாருல்ல, அந்த மாதிரி அடுப்புக்கிட்ட வச்சேன். உசிரு வந்துருச்சு!"

நான் சிரித்தேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "நீ என்னைய விடப் பெரிய மெக்கானிக்கு" என்று கேலி செய்துவிட்டு வைத்துவிட்டேன்.

அது வேற பேட்டரி, இது வேற பேட்டரி, இதைச் சூட்டில் வைக்காதே. கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற பேச்சு இது. ஊதின பேட்டரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் நான். என் அக்காவிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மலையில் விடாத மழை. நனைந்து வந்த அக்கா போனை அமுக்கிப் பார்த்தாள், வரவில்லை. அடுப்பை மூட்டி, போனை அடுப்புக் கட்டின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் துவட்டினாள். சூடேறியதும் அமுக்கினாள், உசிர் வந்தது; மறுபடி அங்கேயே வைத்தாள். ஐந்து மணிக்குப் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, பச்சையை அமுக்கப் போனாள். சீறிக்கொண்டு வெடித்தது.

பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார்கள். கொழுந்து ஏற்ற வந்த லொறியில் அவளை ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது வலது கன்னம் முழுக்கக் கட்டு, வலது கையிலும் கட்டு. வாயைச் சரியாகத் திறக்க முடியாத நிலையில் அவள் என்னிடம் கேட்டது, "புள்ள அடிச்சாளே. எடுக்கலன்னு பயந்திருப்பாளா?"

கண் தப்பியது. கன்னத்திலிருந்து தாடைவரை தோல் சுருங்கி, வாயை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கொழுந்து பறிக்க அந்த இரண்டு விரல்தான் வேண்டும். தோட்டத்தில் இப்போது அவளுக்குப் பேர் விழுவதில்லை, நாள் சம்பளமும் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருநாள், கடை முதலாளி கையில் போனோடு சிரித்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் ஆள், நாங்கள் எல்லோரும் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவோம். "இத பாரு மகன். ஐரோப்பாவில சட்டம் போட்டிருக்கானுகளாம். போன் பேட்டரிய வாங்கினவனே கழட்டி மாத்துற மாதிரித்தான் இனிமே செய்யணுமாம். நம்ம வயித்துல அடிக்கப் பாக்குறானுகள்."

மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒட்டி மூடின போன்கள்தான் எனக்குச் சோறு போட்டவை. ஊதின பேட்டரி ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மூடி. அக்காவின் போனுக்கு ஒரு மூடி இருந்திருந்தால், செய்தித்தாளில் சுற்றிய பேட்டரி அன்று சாயங்காலமே அவள் கைக்குப் போயிருக்கும். யாரோ எங்கோ மேசையில் உட்கார்ந்து அந்த மூடி வேண்டாம் என்று முடிவு செய்தான். அவனைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்தபிறகும் பிரியாணி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது.

"கோவிச்சுக்காத மகன். நான் அத யோசிக்கல்ல" என்று நானா போனைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற அன்று அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூஞ்சி தெரியாத போன் ஒன்னு குடு தம்பி."

நல்ல டச் போன் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். "வேணாம். அவ பாத்தா அடுத்த நிமிஷமே எக்ரிமென்ட முறிச்சுக்கிட்டு வந்து நிப்பா. முறிச்சா பாஸ்போட்டக் கூடக் குடுக்க மாட்டாங்களாம். இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் தெரிய வேணாம்." போன் உடைந்துபோய்விட்டது, அம்மா சுகமாக இருக்கிறாள் என்று அவள் மகளுக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தேன். அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.

மூடி கழற்றுகிற பட்டன் போன் ஒன்றைத் தேடியெடுத்து, உபரியாக ஒரு பேட்டரியும் வைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோனேன். ஐந்து மணிக்குக் காத்திருந்தோம். எதையாவது சொல்ல வேண்டுமே என்று அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வாங்குனவங்களே கழட்டலாமா? கடைக்குப் போக வேணாமா?"

"வேணாம்க்கா."

போனை எடுத்து, பழக்கத்தில் வலது கட்டைவிரலை மூடியின் ஓரத்தில் வைத்தாள். அந்த விரலில் நகம் இல்லை. வழுக்கியது. இடது கையால் நெம்பலாம் என்று, வலது கையின் மடங்கிய விரல்களுக்கு நடுவே போனைச் செருகிப் பார்த்தாள். கீழே விழுந்து, மூடியும் பேட்டரியும் கழன்றன. நான் குனிந்து எடுத்தேன்.

"நீயே போடு" என்றாள்.

போட்டு, ஆன் பண்ணிக் கொடுத்தேன். போன் அடித்தது. கன்னத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சொல்லு தாயி, சாப்புட்டியா?" என்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்ததால் குரல் கொஞ்சம் குழறியது. பல் வலி என்று சமாளித்தாள். சாதாரண அழைப்புக்குச் செலவு அதிகம் என்பதால் ஐந்து நிமிடம்தான். வைக்கும் முன்பு மகள் சொன்னது எனக்கும் கேட்டது. "நான் வரும்போது நல்ல போனா வாங்கிட்டு வாரேன்மா. ஒன் மொகத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

அக்கா போனை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் கன்னத்து வடுவைத் தடவினாள்.

"தம்பி, அவ வர்றதுக்குள்ள இது ஆறிருமா?"

கடையில் எந்தப் போனையும் திறந்து பார்க்காமல் சரியாகும் என்று நான் யாருக்கும் சொன்னது கிடையாது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆறிரும்க்கா" என்றேன்.