ஜெர்சிக்கு ஒரு எருமை

பெண்கள் கபடி அணிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று அவர்கள் வந்து நின்றபோது, நான் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்துபோனவருக்குக் கோட் மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் கிடைத்த ஒரே படத்தில் அவர் பனியனோடு இருந்தார். மகன் கோட் கேட்டிருந்தார். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் பஜாரில் என் கடையில் தினமும் இதுதான் வேலை: அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கோயில் திருவிழா. எல்லா முகத்துக்கும் ஒரே நாற்காலி, ஒரே மவுஸ். நாற்பதைத் தாண்டியதும் என் வலது தோள் மட்டும் எனக்கு முன்பாகவே கிழவியாகிவிட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பயிற்சியாளர். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவள் அணியின் கேப்டன். நெடுநெடுவென்று உயரம். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவள். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிற ஒருவர் அணிக்கு ஜெர்சி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஜெர்சியின் மார்பில் ஏதாவது ஒரு மிருகம் வேண்டும்.

"புலி போட்டுடும்மா. பொம்பளப் புலி. கம்பீரமா இருக்கணும்," என்றார் பயிற்சியாளர்.

"புலி வேணாம் சார்," என்றாள் கேப்டன். "போன தடவ போட்டிக்கு வந்ததுல பாதி டீமு புலி. மீதி டீமு சிங்கம். யாரு யாருன்னே தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எரும போடுங்கக்கா."

பயிற்சியாளர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பேச்சு அவர்களுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது என்று அதிலேயே புரிந்தது.

"எருமைன்னா திட்டுறதும்மா. யாராவது அதைச் சட்டையில போட்டுக்குவாங்களா?"

"சார், எரும நின்னுட்டுதுன்னா நாலு பேரு தள்ளுனாலும் நவுறாது. கன்னுக்குட்டிய நடுவுல வுட்டு, சுத்தி நின்னுகினு கொம்ப வெளிய காட்டும். நம்ம டீமு அதானே சார்? நமக்கு ரெய்டு சுமாருதான். புடிச்சுதானே ஜெயிக்கறோம்."

எனக்கு அவள் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் பிடித்ததை எல்லாம் சொல்லும் தெம்பு அன்று இல்லை. இரண்டையும் வரைந்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்துவிட்டு மறுபடி கோட்டுக்கே போனேன்.

புலி அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. புலி வரைய யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். எருமைதான் பாடாய்ப்படுத்தியது. முதலில் வரைந்தது காளைமாடு மாதிரி இருந்தது. கொம்பைப் பின்னால் வளைத்தேன். தலை மெலிந்துபோய் ஆடு மாதிரி ஆனது. நெற்றியை அகலமாக்கினேன். அப்போதுதான் கண் பிரச்சினை வந்தது. விளையாட்டு அணியின் மிருகம் என்றால் கோபமாக இருக்க வேண்டும். புருவத்தைக் கீழே இறக்கினால் எந்த மிருகத்துக்கும் கோபம் வந்துவிடும். எருமைக்கு மட்டும் வரவில்லை. அதன் கண்ணில் கோபம் வைத்த உடனே அது எருமையாக இல்லாமல் போனது. கோபத்தை எடுத்தால், எல்லாவற்றையும் பார்த்து அலுத்துப்போன ஒரு ஜீவன் திரையிலிருந்து என்னையே பார்த்தது. அலுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கழுத்தை முன்னால் நீட்டித் தலையைச் சற்றுக் குனிய வைத்தேன். இனிமேல் ஒரு அடி நகர மாட்டேன் என்பது போல ஒரு நிலை வந்தது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பில் மட்டும் பார்த்தேன். சட்டைப்பை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். கொம்பும் காதும் ஒட்டிக்கொண்டன. பிரித்தேன்.

படத்தை அனுப்பியதும் மாற்றங்கள் வர ஆரம்பித்தன. இந்தத் தொழிலில் உடம்பை உருக்குவது வரைவது கிடையாது. "ஒரு சின்ன சேஞ்ச்" என்று வருகிற செய்திதான். வியாபாரி முதலில் எருமைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிப்பழம் கேட்டார். பிறகு பழம் எருமையின் வாயில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, இது பொம்பளப் புள்ளைங்க டீமுதானே? பாத்தா தெரியலையே. கண்ணுக்கு மை, நெத்தியில ஒரு பொட்டு வச்சுடேன்."

"எருமைக்குங்களா?"

"ஆமாம்மா. லட்சணமா இருக்கும்."

பொட்டு வைத்தேன். அதையும் செய்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். அன்று காலையிலிருந்து நான் சோறு சாப்பிட்டிருக்கவில்லை, விவாதம் செய்யவும் தோன்றவில்லை. கேப்டன் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். பொட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வியாபாரியின் கடைப் பெயரை முதுகில் பெரிதாகப் போட்டுக் கொடுத்ததும் அவர் பொட்டை மறந்துபோனார். பயிற்சியாளரும் அரைமனதாக இறங்கிவந்தார்.

தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, அசல் அளவில் அச்செடுத்துக்கொண்டு ஒரு நாள் மாலை மைதானத்துக்குப் போனேன். பெண்கள் மண்ணும் வியர்வையுமாகச் சுற்றி நின்று பார்த்தார்கள். சிரித்தார்கள். சிலருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அப்போது ஒருத்தி, இடது கார்னரில் நிற்கிற பெண்ணின் தோளில் தட்டி, "ஏய், ஒம் படம்டி!" என்றாள்.

கார்னர் என்பது ஓரத்தில் நின்று, ரெய்டுக்கு வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கிற இடம். அந்த அணி ஜெயித்த ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் பிடியில் ஜெயித்தவை என்று கேப்டனே சொல்லியிருக்கிறாள். கறுத்த, கனத்த, பேச்சுக் குறைந்த பெண். தட்டியவளோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டினாள். ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை எதற்கு மறுபடி கட்டுகிறாள் என்று நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வாரமே அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். பிறகு போனை எடுக்கவில்லை. கேப்டன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வண்டி இருக்கில்ல? காடாம்புலியூர்ல அவ வூடு வரைக்கும் போய்ட்டு வந்துடலாமா? எனக்குப் பஸ்ஸுல போய் வர நேரம் இல்லக்கா, ஷிப்ட் இருக்கு."

போக எனக்கு மனமே இல்லை. அச்சுக்குப் போகவேண்டிய வேலைகள் நின்றுகொண்டிருந்தன. ஆனாலும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். வழி நெடுக வெயில். கேப்டன் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

கார்னர் பெண்ணின் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, அம்மாவும் மகளும் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அம்மா எழுந்து, "வாங்க, வூட்டுக்குள்ள வாங்க," என்று கைகளைப் புடவையில் துடைத்தார். அந்தப் பெண் எழவில்லை. கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள். காய்ச்சலுக்கான அடையாளம் எதுவும் இல்லை.

"இன்னாடி, ஏன் வரல?" என்றாள் கேப்டன்.

அவள் அடுத்த கொட்டையை எடுத்தாள்.

"எதுனா பேசுடி. இந்த வெயில்ல அக்கா கடைய மூடிட்டு வந்துருக்காங்க."

அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "நீங்க நல்லாத்தாங்க வரஞ்சிருக்கீங்க. உங்கள ஒண்ணும் சொல்லலங்க. ஸ்கூல்ல என் பேரச் சொல்லி யாரும் கூப்ட்டது இல்லங்க. வாத்தியாரு மொதக்கொண்டு எருமன்னுதான் கூப்புடுவாங்க. பத்தாவது வரைக்கும் அப்படியேதான். கிரவுண்டுலதான் என் பேரச் சொல்லி 'புடி, புடி'ன்னு கத்துனாங்க. அதுக்காகத்தான் வந்துகினு இருந்தேன். இப்ப அங்கயும் அதையே சட்டையில போட்டுகினு நிக்கச் சொன்னா நான் எங்கங்க போறது?"

அம்மா உள்ளே போய்விட்டார். கேப்டன் கொட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் சட்டென்று சின்னப் பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது.

"எங்க வூட்ல ஒரு எரும இருந்துச்சுடி," என்றாள். "எங்கம்மா அத வச்சுத்தான் என்னப் படிக்க வச்சிச்சு. நெலமெல்லாம் சொரங்கத்துக்குப் போனப்புறம் மேய்க்க எடமில்ல. வித்துட்டாங்க. வண்டியில ஏத்துனப்ப அது ஏறவே இல்லடி. அஞ்சாறு ஆம்பளைங்க தள்ளுனாங்க. காலக் குத்திகினு அப்படியே நின்னுச்சு. நான் அதத்தான் நெனச்சேன். சத்தியமா ஒன்ன நெனக்கல."

"தெரியும்," என்றாள் அவள்.

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சமாதானம் சொல்ல வேண்டிய பெரியவள் நான்தான் என்று தோன்றியது. அம்மா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

"செரி, வுடு," என்றாள் கேப்டன் கடைசியில். "எரும வேணாம். நீ இல்லாம டீமே இல்ல, படம் இன்னாத்துக்கு? நீயே சொல்லு, வேற எது போடலாம்?"

அந்தப் பெண் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"கீரி," என்றாள். "முந்திரித் தோப்புல பாத்துருக்கேன். சின்னதுதான். புடிச்சா வுடாது."

திரும்பி வரும்போது கேப்டன் என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அழுதாளா, தூங்கினாளா, தெரியவில்லை.

எருமைக்குச் செலவழித்த அத்தனை மாலைகளையும் அந்தக் கோப்போடு மூடிவைத்துவிட்டுக் கீரியைத் தொடங்கியபோது எனக்கு அழுகைதான் வந்தது. முதல் கீரி எலி மாதிரி இருந்தது. மூக்கை மழுக்கியதும் நாய்க்குட்டி ஆனது. வியாபாரி, "ஏம்மா, பெருச்சாளியா போட்டுருக்க?" என்று ஒரு குரல்செய்தி அனுப்பினார். பயிற்சியாளர், "நான் அப்பவே புலின்னு சொன்னேன்," என்று மட்டும் எழுதினார். டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறம் வேலியோரம் எப்போதாவது ஒரு கீரி ஓடும். தேவைப்பட்டபோது அது கண்ணிலேயே படவில்லை. செல்போனில் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சண்டைக்கு நிற்கும்போது கீரியின் உடம்பு மயிர் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு இரண்டு மடங்காகத் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். முதுகுக்கோட்டை முட்கள் போல உடைத்து, வாலைப் பருமனாக்கி, முன்னங்கால்களை அகட்டிவைத்தேன். வாய் மூடியே இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கு மேல் மாற்றம் கேட்டவர்களுக்கு, அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று என்று சொல்லிவிட்டேன். அப்போது அனுப்பியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் அனுப்பினேன்.

திருப்பூரிலிருந்து ஜெர்சி வந்தது. போட்டியைப் பார்க்க நானும் போனேன். மைக்கில் வர்ணனை செய்தவர் எங்கள் பெண்கள் களத்தில் இறங்கியதும், "இதோ வருகிறது அணில் அணி!" என்று முழங்கினார். எனக்கு அங்கேயே எங்காவது படுத்துவிடலாம் போல இருந்தது. இடது கார்னரில் நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேப்டன் ஓரத்துக்கு ஓடிப்போய், "அண்ணே, அது கீரிண்ணே, கீரி!" என்று கத்தினாள். அடுத்த ரெய்டில் கார்னர்காரி எதிரணிப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்து அப்படியே தரையோடு வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் அவள் ஊர்க்காரர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் நன்றாகவே தோற்றார்கள். அதில் கேப்டனுக்கு முழங்காலில் சவ்வு கிழிந்தது. அவள் திரும்ப ஆட வரவில்லை. கேன்டீன் வேலையில்தான் இருக்கிறாள். பஜாருக்கு வந்தால் லேசாகக் காலை இழுத்தபடி கடைக்குள் எட்டிப் பார்ப்பாள். "தோளு எப்டிக்கா?" என்பாள். "முட்டி எப்டி?" என்பேன். இரண்டு பேருக்குமே சொல்ல நல்ல பதில் இருக்காது.

இந்த வருடம் வியாபாரி விலகிக்கொண்டார். புதிதாக ஒரு செல்போன் கடைக்காரர் ஜெர்சி எடுத்துத் தருகிறார். அவரும், இப்போது கேப்டனாகியிருக்கிற அந்தக் கார்னர் பெண்ணும் போன வாரம் கடைக்கு வந்தார்கள். மார்பில் தன் கடைப் பெயர் வர வேண்டும், மிருகத்தை எடுத்துவிடலாம் என்றார் அவர்.

"கீரிய எடுக்கறதா இருந்தா ஜெர்சியே வேணாங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நாங்க பழசையே தொவச்சுப் போட்டுக்கறோம்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி, சின்னதா எங்கனா ஓரமா போட்டுக்குங்க," என்றார்.

ஓரம் என்றால் இடது மார்பில், கட்டைவிரல் அகலம்தான் கிடைக்கும். அந்த அளவில் சிலிர்த்த மயிரெல்லாம் ஒரே கறையாகிவிடும். வாலையும் முதுகுக்கோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு கால்களில் இரண்டுதான் மிஞ்சும் போலிருக்கிறது. நாளைக்குக் காட்டச் சொல்லியிருக்கிறாள். மாற்றம் ஏதும் சொல்லாமல் இருந்தால் நல்லது.