நல்ல தண்ணீரில் குளித்த இரண்டு கார்கள்

அந்தத் தகர வாளி இன்னும் என்னிடம் இருக்கிறது. படூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில், அதில் கற்றாழை வளர்க்கிறேன். எழுபதுகளில் அது கார் கழுவ மட்டும்தான். வீட்டு வேலைக்கு எடுத்தால் வசவு விழும்.

மாமல்லபுரத்தில் அப்பாவும், அம்மாவின் அண்ணனான என் மாமாவும் வாடகைக் கார் ஓட்டினார்கள். அப்பாவிடம் ஃபியட், மாமாவிடம் அம்பாசிடர். செங்கல்பட்டு ரயிலடியிலிருந்து சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வந்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் யார் வண்டி நல்ல வண்டி என்று சண்டைதான். ஃபியட் சிட்டாகக் கிளம்பும், பெட்ரோலையும் பார்த்துத்தான் குடிக்கும். அம்பாசிடர் கிளம்பவே யோசிக்கும். ஆனால் மழையில் ரோடு உடைந்து கிடந்தால், ஃபியட் தயங்கி நிற்கிற பள்ளத்தில் அது பாட்டுக்கு இறங்கி ஏறிப் போகும். ஒருவர் காரில் மற்றவர் ஏறியதே இல்லை. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கார்களில் போவோம். அப்படி ஒரு ரோஷம்.

பராமரிப்பில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. உப்புக் காற்று காரின் அடிப்பகுதியை அரித்துவிடுமே என்று பயம். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கும். அதனால் திருக்கழுக்குன்றத்திலிருந்து டின்னில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து குனிந்து காருக்கு அடியில் வீசி அடிப்பார்கள். மிஞ்சியதுதான் எங்களுக்குக் குடிக்க. கட்டிய பெண்டாட்டியைவிட காருக்குத்தான் உபசாரம் என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஓர் ஐப்பசிக் காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஃபியட்டில் அவர் காலை நீட்டிப் படுக்க இடம் போதாது. மாமா அவரைத் தூக்கி, அம்பாசிடரின் பின் சீட்டில் அம்மா மடியில் கிடத்தினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை வழியெல்லாம் பள்ளம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அப்பா மெல்லச் சொன்னார்: "குலுக்கவே இல்ல மச்சான். நல்ல வண்டிதான் வச்சிகினுகீற."

மாமா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்டிலாம் சொல்லாத மாப்ள. எப்பவும் மாதிரி திட்டு."

அப்பா திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவும் இல்லை.

ஃபியட்டை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அது வாசலிலேயே நின்றது. மாமா சவாரி முடிந்து வந்ததும், தன் காரைத் தொடாமல் முதலில் அதற்குத்தான் நல்ல தண்ணீர் அடிப்பார். அடித்துக்கொண்டே வைவார். "இன்னா வண்டி மாப்ள இது? தகர டப்பா." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்பா பதில் சொல்வார் என்பதுபோல் சும்மா நிற்பார். பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

இரண்டு கார்களும் துருவேறி எடைக்குப் போயின. மாமாவும் போய்விட்டார். எங்கள் இப்போதைய காரை யாரோ வந்து கழுவுகிறார்கள். அடியில் குனிந்து பார்ப்பவர் இல்லை. அப்பாவின் குரல் எனக்கு மறந்தே போய்விட்டது. கற்றாழைக்குத் தண்ணீர் விட இந்த வாளியிடம் வரும்போதெல்லாம், மாமா பதிலுக்காக நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் நினைவுக்கு வருகிறது.