ஃப்ளஷ் டேங்கில் ஒரு விரிசல்

பிளம்பரைக் கூப்பிடுவதென்றாலே எனக்கு ஆகாது. பாதி வேலையைப் போட்டுவிட்டுப் போவார், அப்புறம் போனை எடுக்கமாட்டார். அதனால் எங்கள் வேங்கிக்கால் வீட்டு டாய்லெட்டில் ஃப்ளஷ் டேங்க் ஒழுக ஆரம்பித்ததும், அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், உள்சாமான் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவந்து நானே மாட்டினேன். ஒழுகல் நின்றது. டேங்க் ஆட ஆரம்பித்தது.

அது வெஸ்டர்ன் டாய்லெட். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது போட்டது. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் டேங்க் மேல் ஊன்றித்தான் அவள் எழுந்திருப்பாள். ஆடுகிற டேங்கை நம்பி அவளை எழ விட முடியாது.

ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டேன். "அடியில ரெண்டு நட்டு இருக்கும்க்கா. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. ஜாஸ்தி போயிடாதீங்க, பீங்கான் விரிசல் விட்டுடும்" என்றார்.

எனக்குத் தெரியாதாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். தரையில் மல்லாந்து படுத்து ஸ்பேனரைப் போட்டேன். மாற்றி மாற்றித்தான் திருகினேன். ஆட்டம் நின்றது. அதோடு விட்டிருக்க வேண்டும். இன்னும் கால் சுற்று இருக்கட்டுமே என்று வலது நட்டை ஒரு அழுத்து அழுத்தினேன். டக்கென்று சின்னதாக ஒரு சத்தம், நகம் ஒடிகிற மாதிரி.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டுக்கு மேலே தலைமுடி போல ஒரு கோடு. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கோடு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது.

புது டேங்குக்குக் கடையில் கேட்டேன். கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. "தீபம் முடியட்டும்க்கா. கிரிவலக் கூட்டத்துல ஊருக்குள்ள லோடு வண்டியே விடமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

அதுவரை தண்ணீரை அடைத்துவிட்டு, பக்கெட்டில் ஊற்றச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அம்மா கேட்பாள். பிளம்பரைக் கூப்பிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டவளிடம் போய், நான்தான் உடைத்தேன் என்று சொல்ல என் வறட்டு கௌரவம் விடவில்லை. அந்தக் கோபத்தையும் அவள் மேலேயே காட்டினேன்.

"டேங்க் மேல கை வெக்காதம்மா. எத்தன தடவ சொல்றது? செவுத்த புடிச்சு எழுந்தா என்ன?"

"சரிடி, வெக்கல. அதுக்கு ஏன் கத்தற?"

தினமும் ஒரு புள்ளி வைத்தேன். தினமும் கோடு அதைத் தாண்டி மேலே ஏறியது. அம்மா உள்ளே போனால் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஃப்ளஷ் சத்தம் கேட்கும். டேங்கில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்கும். அது நின்று, அவள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

தீபத்துக்கு முதல் நாள் காலையில் நிரம்பும் சத்தம் நிற்கவில்லை. அடுக்கி வைத்த தட்டுகள் சரிந்தது போல ஒரு சத்தம், அதன்பின் தண்ணீர் கொட்டும் இரைச்சல். நான் ஓடுவதற்குள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது.

"அம்மா!"

பதில் இல்லை. கதவில் ஓங்கித் தட்டினேன். உடைத்துவிடலாம் என்று தோளைக் கொடுக்கப்போனபோது தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது. தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் துண்டுகள். கணுக்காலிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அடிபட்டதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் கை வெக்கலடி. சத்தியமா வெக்கல. செவுத்த புடிச்சுதான் எழுந்தேன். திட்டாதடி."

கால் வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை.