வாசலில் போன், கையில் வாட்ச்

பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் குற்றவாளி ஒருவர் இருக்கிறார். நான் போனை மில் வாசல் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் அவருக்கு என்னைக் கூப்பிடச் சிக்னல் கிடைக்கும். அவர் எல்லையில், பட்டாளத்தில். நான் இராஜபாளையத்தில், நூல் மில்லில். மெஷினில் அறுகிற நூலை ஒட்டிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் பிழைப்பு. உள்ளே போன் கூடாது. வெளியே வந்தால் மிஸ்டு கால் கிடக்கும். திருப்பிக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒருத்தி சொல்வாள். அவளை என்னைப் போலவே வைதவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

ரத வீதியில் பேரம்

போன் வந்தால் கையிலேயே அதிரும் வாட்ச் இருக்கிறதாமே என்று, லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். நடந்த நடையை இது எண்ணும் என்றார் கடைக்காரர்.

“நூல் அறுந்த எடத்துக்கெல்லாம் ஓடுறதுக்குத்தான் சம்பளம் வாங்குதேன். எம்புட்டு நடந்தேன்னு என் காலு சொல்லும். அதைக் கழிச்சுட்டு வெலையச் சொல்லுங்க.”

நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் என்றார். அதையும் கழிக்கச் சொன்னேன். தூக்கத்தைக் கணக்குப் பார்க்கும் என்றார். ஷிப்டு பார்க்கிறவளிடம் தூக்கத்தைப் பற்றியா பேசுவது? கோபத்தில் படி இறங்கிவிட்டேன். கூப்பிட்டார். மறுபடி இறங்கினேன், மறுபடி கூப்பிட்டார். பிடிக்காவிட்டால் அடுத்த லீவில் அவரே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பேச்சோடு வாங்கினேன். பெட்டியை நீட்டிக்கொண்டே சொன்னார்: “இதுக்கு மேல கழிச்சா வெறும் வாருதான்க்கா மிஞ்சும்.”

சுவரோரம்

வாட்சுக்கு மில்லில் தடை இல்லை. ஜெயித்தவளாகத்தான் உள்ளே போனேன். ஆனால் போன் பக்கத்தில் இருந்தால்தான் வாட்ச் அதிரும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. விலையிலேயே குறியாக இருந்த நானும் கேட்கவில்லை. வாசல் பெட்டிக்கும் என் மெஷினுக்கும் நடுவே அத்தனை தூரம். நூலை ஒட்டும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்தேன். பஞ்சுதான் படிந்திருந்தது.

டீ நேரத்தில் போன் பெட்டி அந்தப் பக்கம் இருக்கும் சுவரோரம் போய், வாட்ச் கட்டிய கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன். கூட வேலை பார்க்கும் மரியாள் டம்ளரோடு வந்தாள்: “ஏட்டி, டீயக் குடி. செவுத்துக்கு நாடி பாத்தது போதும்.”

அடுத்த லீவு

வாட்சைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் துணி அலசிக்கொண்டிருந்தேன். போன் அடுப்படியில் கிடந்தது. கை அதிர்ந்தது.

ஈரக் கையோடு ஓடி எடுத்தேன். எத்தனையோ நாளாகத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாட்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். விலையில் கழிக்கச் சொன்னேனே, அந்த நெஞ்சுத் துடிப்புதான் வாட்சில் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “என்னட்டி, இருக்கியா? லைன் போயிருச்சா?”

மில்லில் வேலை பார்க்கிறவளுக்கு இந்த வாட்ச் வெட்டிச் செலவு என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன், ஆனால் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டாளத்துக்காரரே, உங்களிடம் பேரம் கிடையாது, லீவு வாங்கிக்கொண்டு வந்து நீங்களே இந்த நெஞ்சுத் துடிப்பைச் சரிபண்ணுங்க.