கடைசித் தூணிலிருந்து எடுத்த கல்யாணம்

பெரியநாயக்கன்பாளையம் செங்கோட்டையன் மகள் லோகப்பிரியாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். துடியலூரிலிருந்து அன்னூர் வரைக்கும் கல்யாணம் நடந்த வீடுகளில் சுவரைப் பாருங்கள், அவள் எடுத்த படம் எங்காவது தொங்கும். தாலி ஏறுகிற நேரத்தில் பெண்ணின் கண்ணோரம் நனைந்திருக்கும் பாருங்கள், அதை அப்படியே பிடித்திருப்பாள். அந்த மாதிரிப் படம் எட்ட நின்றால் கிடைக்காது. மணவறைமேல் ஏறி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோள் உரச நின்றால்தான் கிடைக்கும்.

ஊரார் கல்யாணத்தில் அவளை அப்படித்தான் நிற்கவைக்கிறார்கள். "அம்மணி, இன்னுங் கொஞ்சம் கிட்ட வாங்க, எங்க மாமனார் மொகம் வுழோணும்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தோளில் கேமரா மாட்டிய பொம்பளையின் நெற்றியை அங்கே ஒருத்தரும் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள்தான் பார்க்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அவளைக் கணபதியில் கௌதமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். கல்யாணத்துக்கு முன்பே ஸ்டுடியோவில் தொழில் பழகியவள் இவள். "அத வுட்டுப்போடாத, எனக்குப் பட்டறை எப்பிடியோ உனக்கு அது" என்று சொன்ன பையன். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். குழந்தை இல்லை. அழுது முடித்து எழுந்தவள் துடியலூரில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டாள். அப்போது எல்லாரும் மெச்சினார்கள். மெச்சுவதற்கு என்ன செலவு?

எங்கள் சொந்தத்தில் புருசன் போனவளுக்கு நடப்பது எனக்குப் புதிதில்லை. லோகப்பிரியாவின் அம்மா ராசாத்தாள் இருக்கிறாளே, அவளுடைய அத்தை மாராத்தாளை, பெற்ற மகன் கல்யாணத்திலேயே சமையல்கட்டில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்கள். செங்கோட்டையனின் அண்ணன் அப்புசாமி, தன் கூடப்பிறந்த தங்கை ஒருத்தியை மண்டபத்து வாசலோடு நிறுத்தினார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக, அவள் செருப்புக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். யாரையும் வாடா போடி என்று தள்ளவில்லை. "அக்கட்ட உக்காந்துக்கோங்க" என்று ங்க போட்டுத்தான் தள்ளினார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

லோகப்பிரியாவுக்கு ஒரே தம்பி, மிதுன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அவனுக்கு அன்னூர்ப் பக்கம் கனிஷ்கா என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இவள் புதிதாக ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கியிருந்தாள். கேமராவுக்குள் படம் விழுகிற தகடு அதில் பெரியது என்று எனக்கு விளக்கினாள். பழைய கேமராவின் லென்சுகளை அதில் மாட்டினால் படத்தின் நாலு மூலையும் கருத்துப் போகுமாம். அதனால் லென்ஸ் புதிதாக வேண்டும். இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது என்பதுதான் பேச்சு.

"எங்கல்யாணத்துக்கு லென்சு நான் வாங்கித் தாரேன்க்கா" என்று மிதுன் கிளம்பினான். அவளும் சந்தோசமாகத்தான் போனாள். ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பஷீர் பாய் கடை. கேமரா சாமான் எல்லாம் அவள் அங்கேதான் வாங்குவாள்.

"வாங்க தங்கச்சி. மாப்பிள்ளையவே புடிச்சுட்டு வந்துட்டீங்களா? அப்ப பில்லு அவர் தலையிலதான்" என்று பஷீர் சிரித்துக்கொண்டே இரண்டு லென்சைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.

ஒன்று முழங்கை நீளம். எழுபது மில்லிமீட்டரிலிருந்து இருநூறு வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். மண்டபத்தின் கடைசியில் நின்றால்கூட மாப்பிள்ளையின் மீசை முடியை எண்ணலாம். இன்னொன்று டம்ளர் உயரம். முப்பத்தைந்து. அது இழுக்கவும் இழுக்காது, தள்ளவும் தள்ளாது. எடுக்கிற ஆள்தான் காலால் நடந்து கிட்டப் போக வேண்டும்.

"லென்சு இருக்கட்டும். எங்க நின்னு எடுக்கப் போறீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார் பஷீர்.

லோகப்பிரியா வாய் திறப்பதற்குள் மிதுன் முந்திக்கொண்டான். "பெரிய மண்டபமுங்க பாய். கடைசியில இருந்தாலும் மொகம் தெரியோணும். நீளமானதே குடுங்க."

"கடைசியில எதுக்குத் தம்பி நிக்கறாங்க? கூடப்பொறந்த அக்கா, மேடை பூரா அவங்களுதுதானே?"

பாய் சூது வாது இல்லாமல்தான் கேட்டார். மிதுன் கண்ணாடி மேசையை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்றா, பாய் கேக்கறாரல்லோ" என்றாள் லோகப்பிரியா.

"கடையில வெச்சு வேண்டாங்க்கா."

"பின்ன எங்க வெச்சு? மண்டபத்துல வெச்சா?"

"பெரியப்பா சொல்லிப்போட்டாருக்கா. இணைச்சீருக்கு கீதாக்கா நிக்கட்டும்னு. நீ கொஞ்சம் எட்ட நின்னு எடுத்தீன்னா யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. நீயும் கல்யாணத்துல இருந்த மாதிரி ஆச்சு. அதுக்குத்தான் பெருசா வாங்கித் தாரேங்கறேன்."

இணைச்சீர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், கூறைப் புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறு முனையை அவன் கூடப்பிறந்தவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். பொண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் பாத்தியம் உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. அந்தச் சீரில் பெரியப்பன் அப்புசாமியின் மகள் கீதா நிற்கிறாளாம். கூடப்பிறந்தவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாளாம். அக்காவை எவ்வளவு தூரம் தள்ளுவது என்று அளந்து பார்த்து, அந்தத் தூரத்துக்குத் தோதான லென்சைத் தம்பி வாங்கித் தருகிறானாம். இதற்குப் பெயர் பாசம்!

"பாய், அந்தச் சின்னதக் குடுங்க" என்றாள் லோகப்பிரியா.

"தங்கச்சி, இது கை எட்டற தூரத்துலதான் மொகம் புடிக்கும். பத்தடி தள்ளிட்டீங்கன்னா ஆளு சுண்டிப் போயிருவாங்க. பாத்துக்கோங்க."

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன். இத வெச்சுட்டு எட்ட நின்னா படமே வராது. படம் வேணும்னா என்னையக் கிட்ட நிக்க வுடோணும். வேண்டாம்னா அதையும் அவங்க வாயாலயே சொல்லட்டும்."

"வீம்புக்கு வாங்காதக்கா."

"ஆமாண்டா, வீம்புதான். பெரியப்பன் பேச்சக் கேட்டுட்டு நீ கடைக்கு வருவ, நான் வீம்புக்கு வாங்கக் கூடாதா?"

தன் கைக்காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, தம்பி வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

வீட்டில் ராசாத்தாள் ஒரே அழுகை. "எனக்கு மட்டும் ஆசையில்லையா கண்ணு? பொண்ணூட்டுக்காரங்க ஒண்ணு சொல்லிப்போட்டாங்கன்னா?"

"சொன்னாங்களாம்மா?"

"சொல்லலீங் கண்ணு. சொல்லிப்போட்டாங்கன்னா?"

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. அன்னூர்க்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவர்களே பயந்து, இவர்களே பதில் சொல்லி, இவர்களே மகளை ஓரம் கட்டினார்கள். செங்கோட்டையன் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். மகளைப் பற்றிய எந்தப் பேச்சு வந்தாலும் அவருக்குச் செய்தித்தாள் படிக்க வேண்டியிருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் மணவறைமேல் முதலில் ஏறியவள் லோகப்பிரியாதான். விளக்கு, மாலை, பெண்ணின் மருதாணிக் கை எல்லாவற்றையும் கிட்ட நின்று எடுத்தாள். "நங்கையா, இந்தப் பக்கம் வாங்க, இங்க வெளிச்சம் நல்லாருக்குதுங்க" என்று கனிஷ்காவே கூப்பிட்டாள். புருசனின் அக்காவை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். பெண் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தர் முகமும் சுளிக்கவில்லை.

இணைச்சீருக்குக் கூறைப் புடவை தட்டில் வந்தது. எங்கள் கல்யாணங்களில் சீர்களை முன்நின்று நடத்துகிற மூத்தவரை அருமைக்காரர் என்போம். அன்றைக்கு அருமைக்காரர் அப்புசாமி. அவர் தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, கொஞ்சம் கீழ எறங்கி நின்னுக்கோங்க."

"இந்த லென்சுல கீழ இருந்து வராதுங்க பெரியப்பா."

"தம்பி வேற லென்சு வாங்கி வெச்சிருக்குதுங்களே. அந்தக் கடைசித் தூணுகிட்ட நின்னீங்கன்னா எல்லாம் அம்சமா வருமுங்க."

மிதுன் அந்த நீள லென்சைத் திருட்டுத்தனமாக வாங்கி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நான் இங்க நின்னா என்ன ஆயிருமுங்க?"

"நானென்னத்தக் கண்டேன் சாமி. பெரியவங்க வெச்ச மொறை. நீங்க எறங்குனாத்தான் நான் தட்டைத் தொடுவேன். நல்ல நேரம் போகுதுங்க."

நாதசுரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மண்டபமே மேடையைப் பார்த்தது. கீதா புடவை முனையைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாலை போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வார்த்தை, 'அக்கா இங்கதான் நிக்கும்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அப்புசாமி பிடிவாதக்காரர்தான், ஆனால் மாப்பிள்ளை சொல்லை மீறித் தட்டைப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

"எறங்கிருக்கா" என்றான் மிதுன். தலையை நிமிர்த்தவில்லை.

அவள் இறங்கினாள். வழியில் யாரோ சொந்தக்காரன் நீள லென்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கி, பிரிக்காமல் ஒரு காலி நாற்காலியில் வைத்தாள். அவர்கள் காட்டிய தூணுக்குப் போய் நின்றாள். இடத்தைவிட்டு அசையவில்லை. இணைச்சீர், தாலி, பந்திக்குக் கூப்பிடுவது வரைக்கும் அந்தத் தூணில் சாய்ந்தபடி, அந்தச் சின்ன லென்சில், ஒன்று விடாமல் எடுத்தாள். அவள் மும்முரமாக எடுப்பதைப் பார்த்து அப்புசாமி பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, அங்கிருந்தே அழகா வருதுங்க. சும்மா மொரண்டு" என்றார்.

ஆல்பம் வந்தது. மேல் அட்டையில் தங்க எழுத்து, உள்ளே கெட்டித் தாள், தொழிலில் ஒரு குறையில்லை. சொந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து பிரித்தார்கள். முதலில் மருதாணிக் கை, விளக்கு, மாலை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. அடுத்து இணைச்சீர். தாள் பூராவும் முதுகு. கொண்டை, வழுக்கை, நாற்காலி, மேலே காற்றாடி, யாரோ தூக்கிப் பிடித்த போன். அதற்கெல்லாம் அப்பால், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மேடை. அதில் நெல்மணி மாதிரி இரண்டு பேர். அடுத்த பக்கமும் அப்படியே. தாலி கட்டியதா கட்டவில்லையா என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

மிதுன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு துடியலூர் ஸ்டுடியோவுக்கு ஓடினான்.

"எம் மொகம் எங்கக்கா?"

"அங்கிருந்து எனக்கு அவ்வளவுதாண்டா தெரிஞ்சுது."

"ஒரு தடவ நடக்கற காரியத்த இப்பிடிப் பண்ணிப்போட்டியே!"

"நீயும் ஒரு தடவ நடக்கற காரியத்துலதான் எறங்குன்னு சொன்ன."

அவன் கொஞ்ச நேரம் கத்தினான். அம்மா சோறு தின்னவில்லை என்றான். கனிஷ்கா வீட்டில் என்ன சொல்வது என்றான். பிறகு குரலை இறக்கினான். "செரி, வுடு. இப்பெல்லாம் எல்லாரும் பண்றாங்களே, மறுக்கா பட்டு கட்டி, மேடை போட்டு எடுத்துக்கலாம். தாலி, இணைச்சீரு எல்லாம். நீயே கிட்ட நின்னு எடு. இது சும்மா படத்துக்குத்தானக்கா, பெரியப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"படத்துக்குத்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப வேற ஆள வெச்சு எடுத்துக்க. எங் கேமராவயும் லென்சயும் நானே அவனுக்குக் குடுக்கறேன். புடவை முனைய நான் புடிக்கறேன்."

மிதுன் அவளைப் பார்த்தான். ஆல்பத்தை மூடினான்.

"சீரு இல்லடா. நல்ல நேரம் இல்ல, அருமைக்காரர் இல்ல, வெறும் படம். அதுக்குக்கூட நான் நிக்கக் கூடாதா?"

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"போய்க் கேளு."

ஆல்பத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போனான். கேட்டானோ கேட்கவில்லையோ, திரும்பி வரவில்லை.

அந்த இணைச்சீர்ப் படத்தை அவள் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஸ்டுடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டினாள். துடியலூர் பஸ் நிறுத்தத்தில் இறங்குகிற எவர் கண்ணிலும் அது படும். எங்கள் சொந்தக்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்க்கிறார்கள். "இது நம்ம கொண்டையல்லோ?" என்று ஒருத்தி கண்டுபிடிக்கிறாள். அப்புறம் அந்த முதுகுகளெல்லாம் எதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று புரிந்து, விறுவிறுவென்று நடையைக் கட்டுகிறார்கள். ராசாத்தாள் வந்து கெஞ்சினாள், செங்கோட்டையன் ஆள் விட்டுச் சொன்னார், அப்புசாமி போன் போட்டு, "அத எடுத்துப்போடுங்க அம்மணி, நம்ம குடும்பத்து மானம் போகுதுங்க" என்றார், ங்க போட்டுத்தான்.

அவள் எடுக்கவில்லை. எடுக்கவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.