புதன்கிழமை மேட்னி

சென்ற மாதம் என் மகள் என்னைப் படுத்துக்கொண்டே படம் பார்க்கும் தியேட்டருக்கு அழைத்துப்போனாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பூந்தமல்லி சாலையில் ஒரு மாலின் மேல்மாடியில் இருக்கிறது அது. அதை நாற்காலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கட்டில்தான். பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் கால் மேலே போகிறது, தலை பின்னால் போகிறது, பல் டாக்டரிடம் வந்தவர்களைப்போல மல்லாந்து கிடக்கிறோம். ஒரு பெண் வந்து போர்த்திக்கொள்ளப் போர்வை தந்தாள். இன்னொருவர் குனிந்தபடி வந்து, சாப்பிட என்ன வேண்டும் என்று காதருகில் கேட்டார். எனக்குப் பிரசவ வார்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஏறத் தெரிந்த எனக்கு இறங்கத் தெரியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தேன். மகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தடுப்பு. கூப்பிட்டால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். ஆகவே மல்லாக்க விழுந்த கரப்பான்பூச்சிபோல, மரியாதையாகக் கிடந்தேன்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா ஆட்டிப் பார்த்தாள், பால் கொடுத்துப் பார்த்தாள். யாரோ ‘ப்ச்’ என்றார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எனக்கு அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. பக்கவாட்டில் புரண்டு, எப்படியோ தரையைத் தொட்டு, நானும் வெளியே போனேன்.

கம்பளம் விரித்த நடையில் அவள் தனியாக நின்று ஆடிக்கொண்டிருந்தாள். குழந்தைக்காரிகள் நிற்கும்போது ஆடுவோமே, அந்த ஆட்டம். ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட், இருவரும் கம்ப்யூட்டர் வேலை, ஏழு மாதத்தில் இன்றுதான் முதன்முதலாக வெளியே வந்தார்களாம். “அவராவது பாக்கட்டும் ஆன்ட்டி” என்றாள். கொஞ்ச நேரம் என்னிடம் கொடு என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அதன் தலையிலிருந்து புளித்த பாலும் கிரைப் வாட்டரும் கலந்த வாசனை வந்தது. அந்த வாசனைக்கு வயதே ஆவதில்லை. என்னை நேராக அம்பத்தூரில், ஒரு பழைய தியேட்டரின் மாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அந்தக் காலத்துத் தியேட்டர்கள் சிலவற்றில் பால்கனிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அறை இருக்கும். கைக்குழந்தையோடு வருகிற பெண்களுக்கானது. குழந்தை உள்ளே எவ்வளவு வீறிட்டாலும் வெளியே கேட்காது. படத்தின் சத்தம் மட்டும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வழியாக உள்ளே வரும். எங்கள் தியேட்டரின் பெட்டி, யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் பேசும். அது வேறு விஷயம்.

கல்யாணமாகி அம்பத்தூர் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. செய்யாறு பக்கத்துப் பெண். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வீடு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் இரும்பு கேட். கணவருக்கும் கொழுந்தனாருக்கும் வேறு வேறு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒருவர் எழுந்து போனால் மற்றவர் வந்து படுப்பார். பாயின் சூடு ஆறாது. எந்நேரமும் யாராவது ஒரு ஆண் தூங்கிக்கொண்டிருக்கும் வீடு அது. பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினேன். தாளிக்கும்போது கடுகுகூட மூடிக்குக் கீழேதான் வெடிக்கும்.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் திட்டியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு சொல் இருந்தது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால், “எதுக்கு?” அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்றால், “எதுக்கு?” கோபமே இல்லாமல், நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்பார். நான் காரணத்தை யோசித்து முடிப்பதற்குள் ஆசை போய்விடும்.

மகள் பிறந்தாள். இன்று என்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் படம் காட்டுகிறாளே, அவளேதான். தினமும் உச்சிவேளையில் அழத் தொடங்கினால் சாயங்காலம்வரை ஓயமாட்டாள். உள்ளே தூங்குகிறவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே போதும், அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன். முந்தானையால் அவள் தலையை மூடி, தெருக்கோடிவரை போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் தூக்கமில்லை. ஒருநாள் நடந்துகொண்டே தூங்கி மின்கம்பத்தில் மோதிக்கொண்டேன். நெற்றி வீங்கியதற்கு என்ன காரணம் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

அந்தக் கம்பத்தடியில்தான் கஸ்தூரி அக்கா என்னைப் பிடித்தாள். அடுத்த தெரு. அவளுக்கும் கைக்குழந்தை, இரண்டாவது.

“இன்னாம்மே, இந்த வெயில்ல கொயந்தைய தூக்கினு சுத்தினுகீற?”

வீட்டில் தூங்குகிறார்கள் என்றேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கணவர் தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறவர். கஸ்தூரி அக்காவை அங்கே யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள்.

“அழுவாச்சி ரூமுன்னு ஒண்ணு கீது. அங்க எம்மா நேரம் அழுதாலும் ஒர்த்தரும் கேக்க மாட்டாங்க. வர்றியா?”

‘எதுக்கு?’ என்ற கேள்விக்கு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். கூட்டமாக இருக்கும், நேரமாகும். புதன்கிழமை தியேட்டரில் மேட்னி. அப்புறம் என்ன, அம்பத்தூரிலேயே அதிக ஊசி போட்டுக்கொண்ட குழந்தை என் மகள்தான். இத்தனை நோய்க்கா ஊசி போடுகிறார்கள் என்று அத்தை வியந்துபோனார்.

அந்த அறையில் எட்டு நாற்காலி. அதில் இரண்டு உடைந்தவை. கூரையில் ஒரு இரும்பு வளையம். அதில் புடவையைக் கட்டித் தூளி போடலாம். பஞ்சு அடைத்து ரெக்ஸின் போர்த்திய கனமான கதவு. உள்பக்கத்துக் கைப்பிடி எப்போதோ கழன்றுபோயிருந்தது. டார்ச் லைட் பிடித்து இடம் காட்டுகிற பெரியவர்தான் இடைவேளையிலும் படம் முடிந்ததும் வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். முதல் தடவை கதவு மூடியபோது எனக்கு மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது. பழகிவிடுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரி.

எந்தப் படத்தையும் அங்கே நான் முழுசாகப் பார்த்ததில்லை. மகள் அழுவாள், தூளியை ஆட்டுவேன், அவள் கண் அயரும்போது திரையில் யாரோ செத்துக் கிடப்பார்கள். யார், ஏன் என்று கஸ்தூரி அக்கா சொல்வாள். பாதிக்குமேல் அவளாகக் கட்டிய கதை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே படங்களை டிவியில் பார்த்தபோது வேறுமாதிரி இருந்தன. அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

மூன்று மாதம் போல இப்படி ஓடியது. ஒரு புதன்கிழமை, இடைவேளைக்கு முன்பே திரை அணைந்தது. ஸ்பீக்கர் பெட்டி வாயை மூடிக்கொண்டது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று காத்திருந்தோம். தியேட்டரின் ஜெனரேட்டர் அன்று ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே கதவுகளைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் ஆட்கள் எழுந்து போவது தெரிந்தது. பால்கனியிலும் எழுந்து போனார்கள். நாங்கள் கண்ணாடியைத் தட்டினோம். இருட்டறைக்குள் இருக்கும் எங்களை வெளியிலிருந்து பார்க்க முடியாது. தட்டும் சத்தமும் வெளியே போகாது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களையே பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். பெரியவர் அன்று லீவு. அவருக்குப் பதில் வந்தவருக்கு இந்த அறையில் ஆள் இருப்பது தெரியாது. கீழே கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். கடைசிக் கதவோடு வெளிச்சமும் போயிற்று.

இருட்டில் இரண்டு குழந்தைகளும் சேர்ந்து அழுதன. கஸ்தூரி அக்கா அவற்றின் சட்டையைக் கழற்றி, முந்தானையால் விசிறத் தொடங்கினாள். அவள் கணவர் எப்படியும் தேடி வருவார் என்றாள். எனக்கு இருட்டுக்கூடப் பயமாக இல்லை. ஊசி போட எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் பயம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதைச் சாயங்காலத்தோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டில் தேடிக்கொண்டு போனால் என்ன ஆகும்?

சத்தம் போட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தேன். வாயில் வந்தது “சார்” என்ற ஒரு வார்த்தைதான். காலியான தியேட்டரைப் பார்த்து “சார்... சார்...” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். கஸ்தூரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யாருமே தூங்கலமே இங்க. நல்லா கத்து.”

“கத்தினா கேக்குமாக்கா?”

“கேக்காது. அதான் கத்துன்றேன்.”

கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கத்தினேன். காப்பாற்றச் சொல்லித்தான் கத்த நினைத்தேன். ஆனால் வந்தது வேறு. “நானும் தூங்கணும்” என்று கத்தினேன். மறுபடி, மறுபடி, அதையே. தொண்டை கிழிந்து இருமல் வந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பயந்துபோய் இரண்டு குழந்தைகளும் அழுகையை நிறுத்திவிட்டன.

கஸ்தூரி அக்கா சிரிக்கவில்லை. இருட்டில் தடவி என் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள்.

“தூங்கு. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்.”

வெறும் சிமெண்டுத் தரை. மூத்திரமும் பாச்சை உருண்டையும் கலந்த நாற்றம். தலைக்குக் குழந்தைத் துணி மூட்டை. பூட்டிய அறையில், கொதிக்கிற புழுக்கத்தில், பொய் சொல்லிவிட்டு வந்த ஒருத்தி எப்படித் தூங்குவாள்? தூங்கினேன். ஒரு கனவுகூட இல்லாமல் தூங்கினேன். நடுவில் என் மகள் பசிக்கு அழுதிருக்கிறாள். கஸ்தூரி அக்கா தன் பாலைக் கொடுத்து அமர்த்தியிருக்கிறாள். அதுகூட எனக்குத் தெரியாது.

முகத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்து விழித்தேன். அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். கும்பலோடு நாங்களும் போய்விட்டோம் என்று நினைத்தாராம். வீட்டுக்குப் போய்ப் பார்த்து மனைவியைக் காணாமல் திரும்பி வந்திருக்கிறார். கதவு திறந்திருந்தது. எழுந்திருக்க எனக்கு மனமில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் பூட்டியே வைத்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அத்தை கேட்டைப் பிடித்தபடி நின்றார். கணவர் ஆஸ்பத்திரிவரை போய்த் தேடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடவே வந்த கஸ்தூரி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, சினிமாவுக்குப் போனோம், அறையில் மாட்டிக்கொண்டோம் என்றேன். கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது.

அத்தை கேட்டார்: “எதுக்கு?”

“தூங்கறதுக்கு” என்றேன்.

கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். என்கிட்ட சொல்லியிருக்கலாமே என்று பிறகு சொன்னார். எப்போது சொல்வது? அவர் விழித்திருந்தால் வேலையில் இருப்பார், வீட்டில் இருந்தால் தூங்குவார். கஸ்தூரியோடு இனி எங்கும் போகவேண்டாம் என்று அத்தை அன்றே முடிவாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் உச்சிவேளையில் மகள் அழத் தொடங்கியதும் அத்தை என் மடியிலிருந்து அவளை எடுத்துக்கொண்டார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தெருவில் நான் நடந்த அதே நடையை அவர் நடந்தார். அதன்பின் தினமும் நடந்தார், அந்த வயதில், அந்த வெயிலில். போகும்போது கேட்டை வெளியிலிருந்து தாழ்போட்டுவிட்டுப் போவார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் நான் சமையற்கட்டில் படுத்துத் தூங்கிவிடுவேன். அது அன்பா, காவலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்கிறாள் மகள். அவளுக்கென்ன, சொல்வாள்.

கஸ்தூரி அக்காவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அருகில் பார்த்தேன். மார்க்கெட்டில், அத்தை என் பக்கத்தில் நின்றபோது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, வாயைத் திறந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரைக்காரியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் திரும்பிக்கொண்டாள் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.

சைக்கிளில் வருகிறவர்கள் குறைந்து ஸ்டாண்டை மூடினார்கள். கஸ்தூரி அக்கா குடும்பம் நெமிலிச்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு தியேட்டரும் ஓடவில்லை. தகரம் அடித்து மறைத்தார்கள், ஒருநாள் இடித்தார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி. அத்தை போய்ப் பல வருடம் ஆகிறது. கொழுந்தனார் தனிக்குடித்தனம் போய்விட்டார், கணவர் ஓய்வுபெற்றுவிட்டார். வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை.

திருவள்ளூருக்கு மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் ஆவடி தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்துகொள்வேன். நெமிலிச்சேரியில் வண்டி நிற்கும். ஏறுகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். பார்த்து என்ன பயன்? மூன்று மாதமும் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு, இருட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவள் குரல் காதில் அப்படியே இருக்கிறது. முகம் எனக்கு மறந்துவிட்டது.